ராஜாத்தி காட்டிய சீட்டு

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வந்து ‘மேல்சபை ராஜாத்தி வீடு எது?’ என்று கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். காட்டும்போதே ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். அந்தப் பெயர் மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. காலடிப்பேட்டையில் ஐந்தாவது வரை படித்தவள். கணவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. ஒரே மகள் எழில்மொழி, பெரம்பூரில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். ராஜாத்தி கன்டெய்னர் யார்டு ஒன்றில் இருபத்தோரு வருடம் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்த்து, முழங்கால் கெட்டுப்போய் இப்போது வீட்டோடு இருக்கிறாள். இப்படிப்பட்டவளுக்கும் டெல்லியில் இருக்கும் மேல்சபைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், கேட்பவர்மேல் தப்பில்லை.

ஆனால் போன வருடம் முழுக்க அவள் தோளில் ஒரு துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் கோடு போட்ட முழுநீளத் தாள்கள். டோல்கேட் பஸ் நிறுத்தம், ரேஷன் கடை வரிசை, வெள்ளிக்கிழமையானால் வடிவுடையம்மன் கோயில் வாசல் என்று நாலு பேர் நிற்கிற இடத்தில் எல்லாம் அவளும் போய் நின்றாள்.

“நைனா, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயேன்.”

“இன்னாத்துக்குக்கா? பட்டாவா?”

“அத்தெல்லாம் இல்ல. டெல்லியில மேல்சபை கீதுல்ல, அதுக்கு ஆளை யாரு அனுப்பறாங்க?”

“நாமதான். ஓட்டுப் போட்டமே.”

“கிழிஞ்சுது. நீ எப்பப் போட்ட? நீயும் போடல, நானும் போடல. நாம போட்டது எம்எல்ஏவுக்கு, எம்பிக்கு. மேல்சபைக்கு அந்த எம்எல்ஏங்கதான் போடறாங்க. அதுவும் சும்மா இல்ல, எழுதின சீட்டைக் கட்சி ஆளுகிட்டக் காட்டிட்டுத்தான் பொட்டியில போடணும். அது வாணாம், ஜனங்களே போடணும்னு எழுதிக் கேக்கறோம்.”

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பஸ் வந்தது என்று ஓடுகிறவர்கள் பாதிப் பேர். கோயில் எதிரே டீ ஆற்றுகிற மாஸ்டர் தினமும் ஒரு தடவை அவளை வம்புக்கு இழுக்காமல் விட மாட்டார்.

“இன்னா ராஜாத்திக்கா, மேல்சபைக்கு எப்பக் கெளம்பற? பிளைட்லயா, கும்மிடிப்பூண்டி லோக்கல்லயா?”

“நீ மொதல்ல கையெழுத்துப் போடு. லோக்கல்ல உனக்கும் சேத்து எடம் புடிச்சு வெக்கிறேன்.”

அவர் சிரித்துக்கொண்டே போட்டார். அவளும் சிரித்தாள். ஆனால் தாளை வாங்கிப் பைக்குள் வைக்கும்போது அவள் முகம் மாறிவிடும். காணிக்கையை உண்டியலில் போடுகிறவர்கள் முகம் போல இருக்கும். இன்னொன்றும் கவனித்தவர்கள் உண்டு. எத்தனை பேர் போட்டாலும் முதல் தாளின் முதல் வரி காலியாகவே இருந்தது. கேட்டால், “அது ஒருத்திக்கு வெச்சிருக்கிறேன்” என்பாள்.

அந்த ஒருத்தி செங்கொடி.

செங்கொடி வியாசர்பாடிக்காரி. ராஜாத்தியைவிடப் பத்து வயது சின்னவள். இருவரும் யார்டில் ஒன்றாகத் துடைப்பம் பிடித்தவர்கள். எட்டாவது படித்திருந்ததால் கம்பெனி ஒட்டுகிற நோட்டீசை எல்லாம் செங்கொடிதான் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்வாள். பெரிய வாய். எந்த சூப்பர்வைசரையும் நிற்க வைத்துக் கேட்டுவிடுவாள். மத்தியானச் சோற்றுக்கு அவள் கொண்டு வரும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்குக்கு யார்டே மயங்கும். வெள்ளிக்கிழமை ராஜாத்தி கவுச்சி தொடமாட்டாள் என்பதால் அன்றைக்கு மட்டும் ஒரு சின்ன டப்பாவில் எலுமிச்சம்பழச் சோறு தனியாக வரும். ராஜாத்தியும் சும்மா வாங்கிச் சாப்பிட்டுவிடவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அம்மனைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். குருக்கள் கொடுக்கிற குங்குமத்தில் பாதியை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போய்ச் செங்கொடி நெற்றியில் வைப்பாள். பதினோரு வருடம் இது ஒரு வாரமும் தவறியதில்லை.

அந்த யார்டில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிற பெட்ரோல் பங்குக்குத்தான் நடக்க வேண்டும். போய் வர அரை மணி நேரம். கேட் மூடியிருந்தால் அதற்குமேல். இதற்குப் பயந்துகொண்டு காலையில் இருந்து தண்ணீரே குடிக்காத பெண்கள் இருந்தார்கள். ராஜாத்தியும் அப்படித்தான் இருந்தாள். கம்பெனியோடு பேசத் தொழிற்சங்கத்தில் ஒரு குழு இருந்தது. அதில் எல்லாரும் ஆண்கள். கழிப்பறைப் பேச்சு வந்தால், “அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்” என்று எழுந்துவிடுவார்கள்.

அந்தக் குழுவில் ஓர் இடம் காலியானது. செங்கொடி நிற்கிறேன் என்றாள்.

நின்றால் தொழிலாளிகள் எல்லாரும் ஓட்டுப் போட முடியாது. சங்கத்தின் வழக்கம் வேறு. நாற்பது பேருக்கு ஒருவர் என்று ஒன்பது பிரதிநிதிகளைத் தொழிலாளிகள் தேர்ந்தெடுப்பார்கள். குழுவுக்கு யார் போவது என்பதை அந்த ஒன்பது பேர் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். முன்பெல்லாம் சீட்டில் எழுதி, மடித்து, பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டுப் போவதுதான். ஒரு தடவை யாரோ கம்பெனி கொடுத்த கைக்கடிகாரத்துக்கு ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டான் என்று பேச்சு வந்தது. அதிலிருந்து செயலாளர் கோதண்டம் ஒரு புது விதி கொண்டு வந்தார். எழுதிய சீட்டை அவரிடம் காட்டிவிட்டுத்தான் டின்னில் போட வேண்டும்.

“நானா கண்டுபுடிச்சேன்? டெல்லி மேல்சபைக்கே இப்டித்தான்பா நடக்குது” என்றார் கூட்டத்தில். “எம்எல்ஏங்களே கட்சி ஆளுகிட்டக் காட்டிட்டுத்தான் போடறாங்க. நாம இன்னா அவங்களைவிட ஒசத்தியா?”

எல்லாரும் கை தட்டினார்கள். ராஜாத்தியும் தட்டினாள்.

கோதண்டம் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ராஜாத்தி புருஷன் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் பெஞ்சில் படுத்துக் கிடந்து ரத்தத்துக்கு ஆள் பிடித்தவர் அவர். ஆனால் இந்த முறை அவருடைய மச்சான் தீனா குழுவுக்கு நின்றான்.

ஒன்பது ஓட்டு. அதில் மூன்று பேர் ஓட்டுச் செங்கொடிக்கு நிச்சயம். துப்புரவுப் பெண்களின் பிரதிநிதி ராஜாத்தி. நாற்பது பெண்களும் “கொடிக்குத்தான் போடணும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஐந்தாவது ஓட்டு லாரி பழுது பார்க்கும் அலி அக்பருடையது. அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஓட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை குங்குமம் வைக்கும்போது ராஜாத்தி சொன்னாள்: “அம்மன் மேல ஆணைடி. என் ஓட்டு உனக்குத்தான்.”

“ஆணையெல்லாம் இன்னாத்துக்குக்கா? உன்ன நம்பாம நான் யார நம்பப் போறேன்?” என்று செங்கொடி சிரித்தாள்.

ஓட்டுக்கு இரண்டு நாள் முன்னால் கோதண்டம் ராஜாத்தியை வழியில் நிறுத்தினார். “உன் பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டு வூட்டுலதானே கீது? ஆபீஸ்ல ஒரு எடம் வருது. கேட் பாஸுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்” என்றார். அவ்வளவுதான். தீனாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ராஜாத்திக்குக் கோபமாவது வந்திருக்கும்.

ஓட்டு நாளன்று காலை பத்து மணிக்குச் சங்க அறையில் கூடினார்கள். அலமாரிக்குப் பின்னால் போய் எழுத வேண்டும். ராஜாத்தி பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலமாரி இடுக்கு வழியாகக் கோதண்டத்தின் கை தெரிந்தது. மேசைமேல் நீட்டி வைத்திருந்தார், சீட்டை வாங்கிப் பார்க்க. அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்கு மகள் ஞாபகம்தான் வந்தது. அம்மன் ஞாபகம் வரவில்லை. நாற்பது பெண்களும் ஞாபகத்துக்கு வரவில்லை. தீனா என்பது இரண்டே எழுத்து. எழுத நேரமே ஆகவில்லை.

கொண்டு வந்து காட்டினாள். “ம், போடு” என்றார் அவர். டீ குடித்துக்கொண்டே சொன்னார். சரியாகப் பார்த்தாரா என்றுகூட அவளுக்கு இன்றுவரை தெரியாது.

தீனாவுக்கு ஐந்து, செங்கொடிக்கு நாலு.

செங்கொடி அறையைச் சுற்றிப் பார்த்தாள். அவள் பார்வை ராஜாத்தியிடம் நிற்கவே இல்லை. நேராகப் போய் அலி அக்பரிடம் நின்றது. தண்ணீர் டிரம்மை எங்கே வைப்பது என்று இரண்டு வாரம் முன்னால் அவருக்கும் அவளுக்கும் ஒரு சண்டை நடந்திருந்தது.

“பாய், நீயா?”

“அல்லா மேல சத்தியமா உனக்குத்தான்மா போட்டேன்.”

“காட்டிட்டுத்தானே போட்டீங்க? அண்ணாத்தே, நீயே சொல்லு.”

கோதண்டம் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். “காட்டினது எனக்கு மட்டும். வெளிய சொல்ற பழக்கம் இல்ல.”

அலி அக்பர் ஒரே ஒரு தடவை ராஜாத்தி பக்கம் திரும்பினார். அவள் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தாள். வார் சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தது. அலி அக்பரை ரசாயன டேங்கர் கழுவுகிற வேலைக்கு மாற்றினார்கள். மூச்சு வாங்குகிறது என்று அவர் வேலையை விட்டுவிட்டு, டோல்கேட் பக்கம் ஒரு பஞ்சர் கடை போட்டார். “கோதண்டம் குடுத்த துட்டுல போட்ட கடை” என்று செங்கொடி ஊரெல்லாம் சொன்னாள். எட்டு மாதத்தில் ஒப்பந்தக்காரர் மாறினார். புது ஆள் பதினோரு பெண்களை வேண்டாம் என்றார். அந்தப் பதினோரு பேரில் செங்கொடி ஒருத்தி. அவர்களுக்காகக் குழுவில் பேச யாரும் இல்லை. எழில்மொழிக்குக் கிடைத்த ஆபீஸ் வேலையின் கேட் பாஸும் அதே மாற்றத்தில் செல்லாமல் போயிற்று. எட்டே மாதம். கழிப்பறை, ராஜாத்தி வேலையை விட்டு வருகிற வரைக்கும் வரவில்லை.

செங்கொடி காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போய்விட்டாள். ராஜாத்தி வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் கொடிமரத்தோடு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். ஆணையிட்ட வாயோடு அம்மன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. “முழங்கால் வலி, உள்ளே கூட்டத்துல நிக்க முடியல” என்று மகளிடம் சொன்னாள். அதுவும் பொய்தான்.

இப்படியே ஆறு வருடம் ஓடியது.

ஒரு நாள் சாயங்காலம் எழில்மொழி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாத்தி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கேயோ வேறு மாநிலத்தில் மேல்சபைத் தேர்தல். ஓர் எம்எல்ஏ தன் சீட்டைத் தன் கட்சி ஆளிடம் காட்டுவதற்குப் பதில் வேறு யாரோ பார்க்கிற மாதிரி காட்டிவிட்டார், அதனால் அவர் ஓட்டுச் செல்லாது என்று சண்டை நடந்துகொண்டிருந்தது.

ராஜாத்தி முறத்தைக் கீழே வைத்தாள். “இன்னாடி இது? அப்போ கோதண்டம் சொன்னது நெஜமா?”

“எது?”

“சீட்டைக் காட்டிட்டுத்தான் போடணும்னு.”

“நெஜம்தான்மா. முன்னால ரகசியமா இருந்துச்சு. துட்டு வாங்கினு மாத்திப் போடறாங்கன்னு, இருபது வருசத்துக்கு மேல ஆச்சு, சட்டம் மாத்திட்டாங்க. கட்சி ஏஜென்ட்டுக்குக் காட்டியே ஆவணும்.”

“நாமளே போட்டுக்க முடியாதா?”

“மேல்சபைக்கா? இல்லம்மா. நாம எம்எல்ஏவுக்குப் போடறதோட சரி.”

ராஜாத்தி திரையையே பார்த்தாள். வெள்ளை வேட்டி சட்டையில் அந்த எம்எல்ஏ மைக்குகளுக்கு நடுவே வியர்த்து நின்றார். “அவனும் இதுமாதிரி ஏதாச்சும் அலமாரிக்குப் பின்னாலதான் எழுதியிருப்பானா?” என்று கேட்டாள். முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, “அவனுக்கும் ஒரு பொண்ணு கீதோ இன்னாவோ” என்றாள். எழில்மொழிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மனு போட வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. எழில்மொழி முதலில் சிரித்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் தேடிப் படித்தாள். மேல்சபைக்கே பொதுஜனம் மனு அனுப்பலாம். தமிழில் எழுதினால் கூடவே இங்கிலீஷிலும் வைக்க வேண்டும். எத்தனை தாளில் கையெழுத்து வாங்கினாலும் ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் கோரிக்கையை மறுபடி எழுத வேண்டும். “பிரிண்ட் போட்டுத் தரேன்மா” என்றாள். ராஜாத்தி வேண்டாம் என்றாள். இருபத்திமூன்று தாளிலும் அவளே எழுதினாள், ஐந்தாவது படித்த கையெழுத்தில்: ‘மேல்சபைக்கு ஜனங்களே ஓட்டுப் போட வேண்டும். அது ஆகாது என்றால், ஓட்டுப் போடுகிறவர் சீட்டை யாரிடமும் காட்டச் சொல்லக் கூடாது.’

தாள்கள் கிட்டத்தட்ட நிரம்பிய பிறகு, முதல் வரிக் கையெழுத்தைக் கேட்க அவள் காசிமேட்டுக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கேட்பது என்று வழியெல்லாம் மனதுக்குள் பேசிக்கொண்டே போனாள்.

செங்கொடி கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். உடம்பெல்லாம் இறால் நாற்றம். “ஏங்க்கா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? ஒரு தபா எட்டிப் பாத்தா கொறஞ்சா பூடுவ? அய்ய, என்னைத் தொடாத. வெள்ளிக்கெழம, கலீஜாப் பூடுவ!” என்று அவளே விலகி நின்றாள். பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணிடம், “எங்க அக்கா இன்னிக்கிக் கவுச்சி தொடாது. ஓடிப் போயி சுத்த சைவத்துல ஒரு எலுமிச்சம்பழச் சோறு வாங்கினு வா” என்று அனுப்பினாள்.

அந்தச் சோற்றை வைத்துக்கொண்டு ராஜாத்தி எப்படிப் பேசுவாள்?

செங்கொடி தாளை வாங்கி முழுக்கப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். “நல்ல காரியம்க்கா. இந்த எழவெடுத்த விதிதான் நம்ம பொழப்பக் கெடுத்துச்சு. அந்த அலி பாய் மாதிரி ஆளுங்களுக்கு உறைக்கணும்” என்று சொல்லி, முதல் வரியில் அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். ராஜாத்தி வாயைத் திறந்தாள். சோற்றில் ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த ஒரு கையெழுத்தோடு பை கனத்துவிட்டது. மறுநாள் டோல்கேட்டில் அலி அக்பர் கடைக்குப் போனாள். இத்தனை நாள் அந்தப் பக்கம் நின்று கையெழுத்து வாங்கும்போதெல்லாம் அவர் கடைக்கு எதிர்ச்சாரியாகவே நின்றவள்.

அலி அக்பர் மனுவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். தாடி வெளுத்திருந்தது. “சரி, ஒண்ணு கேக்கறேன். காட்டச் சொன்னதே விக்கக் கூடாதுன்னுதானே? மறைச்சுப் போடச் சொன்னா துட்டுக்கு வித்துருவானே?”

“பயத்துக்கு வித்தா மட்டும் அது வித்ததில்லையா பாய்?”

அவர் கையில் இருந்த ரப்பர் துண்டைக் கீழே வைத்தார். “அத்தச் சொல்றதுக்கு உன்ன வுட்டா வேற யாரு?” என்றார். குரல் மெதுவாகவே இருந்தது.

ராஜாத்திக்குத் தலை நிமிரவில்லை. “உங்களுக்குத் தெரியுமா?”

“என் ஓட்டு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா? அந்த மூணு பேரு சாமிக்கி மேல செங்கொடியக் கும்புடற ஆளுங்க. மிச்சம் யாரு? இத்த எண்றதுக்கு நான் காலேஜா போவணும்?”

“ஏன் பாய் சொல்லல?”

“சொன்னா உம் பொண்ணு வேல பூடும். எனக்கும் பொண்ணு கீதுல்ல.” ரப்பர் துண்டை மறுபடி எடுத்துக்கொண்டார். “பேஜாரு ஒண்ணுதான் ராஜாத்திமா. எம் பொண்ணு நிக்காவுக்கு நான் நேர்ல போயி செங்கொடியக் கூப்ட்டேன். வர்ல. நீ அவகிட்டச் சொல்லிடு. எனக்காவ இல்லன்னாலும் சொல்லிடு.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கை மசி ஒரு விரல் அடையாளமாகத் தாளில் ஒட்டிக்கொண்டது.

அடுத்த நாள் மத்தியானம் ராஜாத்தி மறுபடி காசிமேட்டுக்குப் போனாள். “இன்னாக்கா, நேத்து முந்தாநாள்தானே வந்த? தாள்ல ஏதாச்சும் தப்பா?” என்று செங்கொடி எழுந்தாள்.

ராஜாத்தி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். பாஸ், அலமாரி, கோதண்டத்தின் கை, இரண்டு எழுத்து. ஒன்றையும் விடவில்லை. ஷெட்டில் மற்ற பெண்களின் கத்திகள் ஓடிக்கொண்டே இருந்தன.

செங்கொடி கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

“எம் பேர எழுதிட்டு அடிச்சியா? இல்ல எழுதவே இல்லியா?”

“எழுதவே இல்லடி.”

“ம்.” பிறகு சொன்னாள்: “நீ பயந்தது தப்பில்லக்கா. எனக்கு ஒரு பொண்ணு இருந்திருந்தா நானும் பயந்திருப்பேன். அன்னிக்கு சாயங்காலமே சொல்லியிருந்தின்னா, உன்ன ரெண்டு அறை வுட்டுட்டு, ரெண்டு பேரும் நாஸ்டா துன்னப் போயிருப்போம். ஏழு வருசம் அந்த மனுசன் மூஞ்சியில முழிக்காம போனேனே. வூட்டுக்கு வந்து பத்திரிக குடுத்தாரு. அவரு எதுருலயே கிழிச்சேன்க்கா. தெரியுமா உனக்கு?”

அது ராஜாத்திக்குத் தெரியாது. அலி அக்பர் அதைச் சொல்லவில்லை.

அவள் பையில் இருந்து முதல் தாளை எடுத்தாள். “உன் கையெழுத்த… நீயே அடிச்சிடறியா?”

செங்கொடி தாளைப் பார்த்தாள். வாங்கவில்லை. “அத்த ஏன் அடிக்கணும்? அது உனக்குப் போட்டது இல்ல. எழுதியிருக்கற மேட்டரு நெஜம். அனுப்பு.” கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். “ஆனா நீ இனிமே இங்க வராதக்கா.”

அப்போதும் அக்கா என்றுதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து எழில்மொழியிடமும் சொன்னாள். எழில்மொழி திட்டவில்லை. “எனக்காவா?” என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மனுவோடு சேர்த்து அனுப்ப, அம்மா சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதி, இங்கிலீஷிலும் எழுதினாள். ‘நான் ஒருமுறை இப்படிக் காட்டிவிட்டு ஓட்டுப் போட்டவள். அதனால் எனக்குத் தெரியும்’ என்று அது தொடங்கியது. அதற்குக் கீழே ராஜாத்தி, பேரும் முகவரியும் போட்டுக் கையெழுத்திட்டாள். நானூற்றுப் பதினாறு கையெழுத்துகள். திருவொற்றியூர் தபால் ஆபீசில் பதிவுத் தபாலில் போனது.

இரண்டு மாதம் கழித்து டெல்லியில் இருந்து ஒரு கடிதம் வந்தது. மனு வந்து சேர்ந்தது, பதிவு செய்யப்பட்டது என்று இரண்டு வரி. அதற்குமேல் இன்றுவரை ஒன்றும் இல்லை. டீ மாஸ்டர் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பரவால்லக்கா, சீல் எல்லாம் போட்டிருக்கான்” என்றார். அதற்குப் பிறகு அவளைக் கிண்டல் செய்வதை அவர் குறைத்துக்கொண்டார். ராஜாத்திக்கு அந்தக் கிண்டல் இருந்தாலே தேவலை என்று இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அலி அக்பர் கடைக்குப் போனாள். அவர் முகம் மலர்ந்திருந்தது.

“ஞாயித்துக்கெழம செங்கொடி வூட்டுக்கு வந்துச்சு. எம் பொண்ணுக்குப் பொடவ, பேரனுக்குச் சட்ட, ஒரு கிலோ ஜிலேபி. என்னாத்துக்குமா இவ்ளோன்னா, நிக்காவுக்கு வெக்க வேண்டிய சீருன்னு சொல்லிச்சு. எங்க வூட்டு ஜனங்ககூட உக்காந்து துன்னுச்சு. ஒரே அழுவ, ஒரே சிரிப்பு.”

“நல்லது பாய். ரொம்ப நல்லது.” ராஜாத்தி கடிதத்தை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். “என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?”

அலி அக்பர் ஒரு டியூபை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வருகிற இடத்தைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். டியூபைச் சுற்றிச் சுற்றி அமுக்கினார். குமிழி வந்துகொண்டுதான் இருந்தது. அவர் நிமிரவில்லை.

ராஜாத்தி அதற்குமேல் நிற்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. பஸ் பிடித்துத் தேரடியில் இறங்கி, நேராகக் கோயிலுக்குப் போனாள். கொடிமரத்தில் நிற்காமல் உள்ளே நடந்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகு வடிவுடையம்மன் முன்னால் நின்றாள். ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க இனி என்ன இருக்கிறது? அம்மா, பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று மட்டும் சொன்னாள்.

குருக்கள் குங்குமம் கொடுத்தார். நெற்றியில் வைத்துக்கொண்டு, மீதிப் பாதியை ஒரு காகிதத்தில் போட்டு நாலாக மடித்தாள். இடுப்பில் செருகிக்கொண்டு வெளிப் பிராகாரம் வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே வந்த பிறகுதான், இது யாருக்கு என்று நினைத்துப் பார்த்தாள்.